பழைய கணிப்பொறியைப் பழித்தல் தகுமோ?

பழைய கணிப்பொறியிற் புதிய மென்பொருள் இயங்காதாயின், உடனே பொறியைப் பழிப்பது நம்மவர் வழக்கமாயிற்று. இது நியாயமன்று. விண்டோஸ் 7 என்னும் இயங்குதளத்திற்குரிய பொதுப் பராமரிப்பை மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் 2020 ஜனவரியில் நிறுத்தினர். குரோம் உலாவியும் 2023இல், 110ஆம் பதிப்பு முதலாக, அத்தளத்தைக் கைவிட்டது. ஆயின் 109ஆம் பதிப்பு அதில் இன்றும் இயங்கும். பொறிக்கேற்ற பதிப்பைத் தேடாமையே குற்றமாம். 32 பிட் தளத்தில் 64 பிட் மென்பொருள் ஒருபோதும் இயங்காது. 'கம்பாட்டிபிலிட்டி மோட்' எனும் ஏற்பாடும் ஈண்டு உதவாது. அது பழைய மென்பொருளைப் புதிய தளத்தில் இயக்குதற்கே அமைந்தது. இஃதறியாது மணிக்கணக்காய் அதனோடு மல்லாடுவார் பலர்! பாதுகாப்புத் திருத்தங்கள் வாராத பொறியில் வங்கிக் கணக்கைத் திறத்தல் மட்டும் ஆகாது. கட்டுரை எழுதவும் கணக்கிடவும் ஏழை மாணாக்கனுக்கு அஃது இன்னும் பயன்படுமன்றோ? அதனை எறிந்துவிடச் சொல்வோர் புதியதற்கு விலை கொடுப்பாரோ?