கானுக்குப் போன படம்

நம் செய்தித்தாள்கள் ‘கேன்ஸ்’ என்று எழுதுகின்றன. அவ்வூர் மக்கள் ‘கான்’ என்கிறார்கள். தமிழ் படித்தவர் காதுக்குக் கான் என்றால் காடு. இதுவோ அசல் நெய்தல் நிலம். பிரான்சின் தென்கரையில், நீஸ் நகரிலிருந்து தொடர்வண்டியில் ஏறக்குறைய அரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது. 2024 மே மாதக் கல்லூரி விடுமுறையில், திரைப்பட விழா நடந்துகொண்டிருந்த நாள்களில், நாம் அங்கே மூன்று நாள் தங்கியிருந்தோம். பாரிசை அடுத்த சார்செல் நகரில் நம் தங்கை குடும்பம் இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து சென்ற குடும்பங்கள் பல வாழும் இடம் அது. தங்கை மகன்தான் அழைத்துச் சென்றான்.

ஆயினும் இதை எழுதத் தூண்டியது அந்தக் கடற்கரை அன்று. நம் கல்லூரி வாயிலில் 2016ஆம் ஆண்டு கட்டப்பட்ட ஒரு பதாகை. ‘உலகப் புகழ்பெற்ற கேன்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட குறும்படத்தின் இயக்குநர், எம் கல்லூரியின் முன்னாள் மாணவர்’ என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். பண்ருட்டிப் பக்கத்து இளைஞர். நம்மிடம் இளங்கலைத் தமிழ் படித்தவர். பாராட்டுக் கூட்டத்துக்கு நாமே தலைமை தாங்கினோம், பொன்னாடை போர்த்தினோம், இருபது நிமிடம் பேசினோம். சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ 1956இல் பரிசு பெற்ற அதே விழாவில் நம் மாணவரின் படமும் திரையிடப்பட்டிருக்கிறது என்று முழங்கியபோது அரங்கில் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கடைசி வரிசையில் வெள்ளை வேட்டியில் அவருடைய தந்தையார் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

சென்ற கதைக்கு வருவோம். கானில் நாம் முதலில் கற்ற பாடம், அங்கே கழுத்தில் அட்டை தொங்காதவன் மனிதனே அல்லன் என்பது. அட்டையிலும் நிறத்துக்கு நிறம் உயர்வு தாழ்வு உண்டு. வருணம் என்ற சொல்லுக்கு நிறம் என்றும் பொருள் உண்டல்லவா, அது நினைவுக்கு வந்தது. திரைத்துறையினர், இதழாளர், திரைப்படச் சங்கத்தினர் ஆகியோருக்கே பெரும்பாலும் அனுமதி. பதினெட்டு முதல் இருபத்தெட்டு வயது வரையுள்ள இளைஞர்களுக்கு மட்டும் மூன்று நாள் இலவச அனுமதி தருகிறார்கள். திரைப்படத்தின்பால் தமக்குள்ள பற்றைக் கடிதமாக எழுதி விண்ணப்பிக்க வேண்டும். தங்கை மகன் அப்படித்தான் நுழைந்தான். திரைப்படம் குறித்து இருபது ஆண்டுகளாக எழுதியும் பேசியும் வந்த நாம் தடுப்புக் கம்பிக்கு வெளியே நின்றோம். “மாமா, நான் போயிட்டு வந்து கதை சொல்றேன்” என்று ஆறுதல் வேறு.

வெளியே நின்றதும் வீண்போகவில்லை. விழா மாளிகை கிராய்செத் என்னும் கடற்கரைச் சாலையின் மேற்கு முனையில், பழைய துறைமுகத்தை ஒட்டி நிற்கிறது. 1980களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட கற்காரைப் பெட்டி. அழகென்று சொல்ல முடியாது. ‘பதுங்கு குழி’ என்றே அங்குள்ளவர்கள் கேலி செய்கிறார்கள். அதன் முகப்பில் சிவப்புக் கம்பளம் விரித்த 24 படிகள். உலகம் அறிந்த கான் விழா இந்த இருபத்து நான்கு படிகள்தாம். மாலையானால் கறுப்பு மகிழுந்துகள் வரிசையாக வரும், கதவு திறக்கும், நிழற்படக்காரர்கள் பெயர் சொல்லிக் கூவுவார்கள். ஓர் ஆடையின் வால் மூன்று படிகளில் கிடந்ததையும், அதை ஏந்திச் செல்ல ஒருவர் பின்தொடர்ந்ததையும் கண்டோம். சற்றுத் தள்ளி, முழு மாலையுடையில் இளைஞர்கள் சிலர் கையில் அட்டை பிடித்து நின்றார்கள். கூடுதலாக ஓர் அழைப்பிதழ் இருந்தால் தாருங்கள் என்று அதில் எழுதியிருந்தது. படத்தின் பெயரையும் குறிப்பிட்டு எழுதியிருந்தார்கள். கோட்டு, கழுத்துப்பட்டை எல்லாம் அணிந்து யாசகம் கேட்கும் அந்தக் காட்சி படிகளில் கண்ட எதையும்விட நமக்குப் பிடித்திருந்தது. அவர்களுக்கு வேண்டியது படம்.

படியில் ஏறுவோரைப் பழிக்க நாம் வரவில்லை. இந்த விழாவின் பிறப்பே ஆடம்பரத்தால் நிகழ்ந்ததன்று. 1938இல் வெனிஸ் விழாவின் பெரும்பரிசில் ஒரு பங்கு ஹிட்லர் ஆட்சிக்காக லேனி ரீஃபென்ஸ்டால் எடுத்த ‘ஒலிம்பியா’வுக்குப் போயிற்று. அந்த அநீதிக்கு எதிர்வினையாக, அன்றைய பிரெஞ்சு அமைச்சர் ழான் ஸேயின் முயற்சியில் திட்டமிடப்பட்டதே கான். 1939 செப்டம்பர் 1ஆம் நாள் தொடங்க இருந்தது. அன்றுதான் போலந்தின்மீது படையெடுப்பு. விழா நின்றது. ழான் ஸேயை 1944இல் நாஜி ஆதரவுப் பிரெஞ்சுப் படையினரே கொன்றார்கள். முதல் விழா 1946இல்தான் நடந்தது. அதில் பெரும்பரிசைப் பகிர்ந்துகொண்ட பதினொரு படங்களுள் சேத்தன் ஆனந்தின் ‘நீச்சா நகர்’ ஒன்று. 1968இல் மாணவர், தொழிலாளர் போராட்டத்துக்கு ஆதரவாகக் கோதாரும் த்ரூஃபோவும் திரைச்சீலையைத் திறக்கவிடாமல் பிடித்து விழாவையே நிறுத்தினார்கள். அதன் விளைவாக அடுத்த ஆண்டு பிறந்தது ‘இயக்குநர்களின் இருவாரம்’ என்னும் தனிப் பிரிவு.

அந்த இருவாரப் படங்களுக்குப் பொதுமக்களும் சீட்டு வாங்கலாம். தங்கை மகன் கைபேசியிலேயே வாங்கித் தந்தான். மேத்யூ ராங்கின் இயக்கிய ‘யுனிவர்சல் லாங்குவேஜ்’ என்ற கனடியப் படம். வின்னிபெக் நகரில் எல்லோரும் பாரசீகம் பேசுகிறார்கள். கடைப் பலகைகள்கூடப் பாரசீக எழுத்தில் உள்ளன. பனிக்கட்டிக்குள் உறைந்து கிடக்கும் ஒரு பணத்தாளை எடுக்க இரு சிறுமிகள் ஊரெல்லாம் அலைகிறார்கள். ஒரு மொழி, பிறந்த நிலத்தை விட்டு வேறொரு நிலத்தில் இயல்பாகக் குடியிருப்பதைப் பார்க்கையில், சார்செல் கடைத்தெருவில் கேட்ட புதுச்சேரித் தமிழ் நினைவில் வந்து நின்றது. அந்தப் பிரிவில் அவ்வாண்டு முதன்முறையாக வழங்கப்பட்ட பார்வையாளர் விருது இப்படத்துக்கே கிடைத்ததைப் பின்னர் அறிந்தோம்.

மறுநாள் காலை, பக்கத்துச் சந்தில் ஒரு காப்பிக் கடையில், மும்பையிலிருந்து வந்த விநியோகத் துறைக்காரர் ஒருவர் அறிமுகமானார். நம் மாணவர் பெருமையை அவரிடம் சொன்னோம். எந்தப் பிரிவு என்று கேட்டார். பிரிவா? குறும்படம் என்றோம். அவர் சிரிக்கவில்லை, பொறுமையாக விளக்கினார்.

கான் ஒரே விழா அன்று. தேர்வுக் குழு பார்த்துத் தெரிந்தெடுக்கும் அதிகாரபூர்வப் பிரிவுகள் உண்டு. இருவாரமும், 1962 முதல் நடக்கும் விமர்சகர் வாரமும் தனித்தனி அமைப்புகள். அவற்றிலும் தேர்வு கடுமையானது. இவற்றின் பக்கத்திலேயே 1959இல் தோன்றிய திரைப்படச் சந்தை. அது வாணிகம், கட்டணம் செலுத்தினால் யாரும் அரங்கை வாடகைக்கு எடுத்துத் தம் படத்தைக் காட்டலாம். அந்தச் சந்தையின் ஒரு பகுதியாக 2004இல் தொடங்கியதே ‘ஷார்ட் ஃபிலிம் கார்னர்’. நம் மாணவர் போன காலத்தில், சிறு பதிவுக் கட்டணம் கட்டினால் குறும்படத்தை அங்கே ஒரு கணினித் தொகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள். விரும்புவோர் திரைமுன் அமர்ந்து, காதுக் கருவி மாட்டிப் பார்க்கலாம். விரும்புவோர் இல்லையென்றால் படம் அங்கேயே கிடக்கும். தொடக்க நிலைக் கலைஞர்கள் ஒருவரையொருவர் சந்திக்க அது நல்ல இடம்தான், குற்றம் அதனுடையதன்று என்று அவர் அழுத்திச் சொன்னார். ‘கானில் தேர்வு’ என்று அதற்குப் பெயர் வைப்பவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

காப்பி ஆறிப்போயிற்று. நம் மாணவரை ‘அனுப்பி வைத்த’ இடைத்தரகருக்கு மூன்று இலட்சம் கொடுத்ததாகவும், அதற்காக முந்திரித் தோப்பை அடமானம் வைத்ததாகவும் அன்றைய கூட்டத்தில் அந்தத் தந்தையார் நம்மிடம் பெருமையோடு சொல்லியிருந்தார். நாமும் அதை மேடையில் எடுத்துச் சொல்லித் தியாகம் என்று புகழ்ந்தோம்.

2024ஆம் ஆண்டு விழா இந்தியர்க்கு அரியது. பாயல் கபாடியாவின் ‘ஆல் வீ இமேஜின் ஆஸ் லைட்’ முதன்மைப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தது. ஷாஜி கருணின் ‘ஸ்வாஹம்’ 1994இல் போட்டியில் இருந்ததற்குப் பின் முப்பது ஆண்டுகளாக இந்தியப் படம் எதற்கும் அந்த இடம் கிடைத்ததில்லை. கபாடியாவின் படம் இரண்டாம் பெரும்பரிசையும் வென்றது. நம் ‘தளபதி’க்கும் ‘ரோஜா’வுக்கும் ஒளிப்பதிவு செய்த சந்தோஷ் சிவன் பியர் ஆஞ்செனியூ விருது பெற்றார். சியாம் பெனகலின் ‘மந்தன்’ புதுப்பிக்கப்பட்ட படியில் திரையிடப்பட்டது. குஜராத்தின் பால் உற்பத்தியாளர்கள் ஐந்து இலட்சம் பேர் ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டு 1976இல் எடுத்த படம் அது. அந்த இரண்டு ரூபாய் எதற்குப் போகிறது என்று கொடுத்தவர்க்குத் தெரியும்.

அந்த வாரம் நம் கைபேசிக்கு ஊரிலிருந்து வந்து குவிந்தவை, கையில் கட்டுடன் படியேறிய நடிகை ஒருவரின் படங்கள். உடன் பணியாற்றும் பேராசிரியர் ஒருவர் “நேரில் பார்த்தீர்களா?” என்றுதான் கேட்டார். ‘மந்தன்’ பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

நம் கருத்து இதுதான். படிகளைக் கானென்று எண்ணிக்கொண்டதால்தான் இடைத்தரகர்க்குத் தொழில் நடக்கிறது. கம்பளத்தை மிதித்த கால் எல்லாம் ஒன்றென்று நினைப்பவர்க்கு, தெரிந்தெடுக்கப்பட்ட படத்துக்கும் பதிவு செய்யப்பட்ட படத்துக்கும் வேறுபாடு தெரியாது. உண்மையான வெற்றி வரும்போது அதைக் கொண்டாடவும் தெரியாது. 2015இல் ழாக் ஓதியாரின் ‘தீபன்’ தங்கப் பனை விருது பெற்றது (அவர்கள் பனை நம் பனையன்று). பிரெஞ்சுப் படமேயாயினும் அதில் பெரும்பகுதி ஒலிப்பது ஈழத்தமிழ். தலைமை வேடத்தில் ‘கொரில்லா’ நாவலை எழுதிய ஷோபாசக்தி. அதே ஆண்டு செப்டம்பரில், வெனிஸ் விழாவில் ‘விசாரணை’ திரையிடப்பட்டது. கோவையின் ஆட்டோ ஓட்டுநர் சந்திரகுமார் தாம் பட்ட வதையை எழுதிய ‘லாக்கப்’ நூலிலிருந்து வெற்றிமாறன் எடுத்த படம். ஒரே ஆண்டில் இரண்டு கடற்கரைகளில் தமிழ் கேட்டது. இரண்டுக்கும் பின்னே எழுத்தாளர்கள் இருந்தார்கள். தமிழ்த்துறை என்ற பெயரில் சம்பளம் வாங்கும் நாம் அதற்கு ஒரு கூட்டம்கூடப் போடவில்லை. அடுத்த ஆண்டு ஒரு பதாகைக்குப் போட்டோம். இனி எந்தக் கல்லூரியும் பொன்னாடை வாங்குமுன் எந்தப் பிரிவு, யார் தேர்ந்தார்கள், பணம் கட்டப்பட்டதா என்று கேட்டுக்கொள்ளட்டும். அதைவிட எளிய கேள்வி ஒன்றும் உண்டு: படம் எங்கே?

ஆம், அன்றைய பாராட்டுக் கூட்டத்தில் படத்தை நாம் திரையிடவே இல்லை. வாழ்த்துரைகள் நீண்டுவிட்டன.

ஊர் திரும்பியதும் அந்த மாணவரைத் தேடிப் போனோம். பண்ருட்டியில் திருமண நிகழ்படம் எடுத்துப் பிழைக்கிறார். எப்படிச் சொல்வது என்று தயங்கித் தொடங்கினோம். இடைமறித்தார்.

“தெரியும் சார். அங்க போய் இறங்குன அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. திரும்பி வந்து உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். நீங்க மேடையில ராய் பேரச் சொல்லிட்டீங்க. அப்பா கேட்டுக்கிட்டு நின்னாரு.”

தோப்பை மீட்க ஆறு ஆண்டுகள் ஆயினவாம்.

படத்தைக் கேட்டு வாங்கிவந்து துறையின் கருத்தரங்க அறையில் மாணவர்களுக்குப் போட்டோம். பதினொரு நிமிடம். முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் கைகள். முகம் ஒன்றுகூட வரவில்லை. தோல் எண்ணெய் பட்டு வெந்த விரல்கள், சாம்பலைத் தொட்டுக்கொண்டு, உடைத்துக்கொண்டே இருக்கின்றன. இறுதியில் ஒரு கை பள்ளிக் கட்டண இரசீதில் பெருவிரல் வைக்கிறது. மை ஒட்டுகிறது, ரேகை விழவில்லை. விளக்கைப் போட்டபோது, பின்வரிசையில் ஒரு மாணவி மீண்டும் ஒருமுறை போடச் சொன்னாள். போட்டோம்.