பணப் பஞ்சமும் ஆட்டப் பஞ்சமும்

குறைந்த முதலில் எடுக்கப்படும் விளையாட்டுப் படங்களில் பெரும்பாலானவை ரசிகர்களின் நெஞ்சில் தங்காமல் போவதற்குக் காரணம் என்னவென்று கேட்டால், அவற்றைத் தயாரித்தவர்களும், அவர்கள்பால் பரிவு கொண்ட விமர்சகர்களும் ஒரே குரலாகச் சொல்லும் விடை, கையில் பணம் போதவில்லை என்பதே. பெரிய மைதானத்தை வாடகைக்கு எடுக்க வசதியில்லை, ஆயிரக்கணக்கான துணை நடிகர்களைத் திரட்ட வழியில்லை, கிராபிக்ஸ் வேலைக்கு நிதியில்லை என்று அவர்கள் அடுக்கும் காரணங்களில் பொய் எதுவும் இல்லை என்றாலும், படத்தின் தோல்வியை இவை விளக்கிவிடுவதாக நான் நம்பவில்லை. பணக்குறைவு அப்படங்களுக்கு நேர்ந்த நிர்ப்பந்தம். ஆட்டத்தைப் பற்றிய அசிரத்தையோ, எடுத்தவர்கள் தாமே தேடிக்கொண்ட குறை. முன்னதை மன்னிக்கும் நாம் பின்னதையும் சேர்த்தே மன்னித்து வருவதனால், சிறிய படங்களுக்கு உபகாரம் செய்வதாக எண்ணிக்கொண்டு அவற்றின் வளர்ச்சிக்கு நாமே குறுக்கே நிற்கிறோம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

விளையாட்டுப் படத்துக்கென்று தனியானதொரு சோதனை உண்டு. நீதிமன்றக் காட்சியில் சட்ட நுணுக்கம் பிசகினாலும், அறுவைச் சிகிச்சைக் காட்சியில் மருத்துவம் தவறினாலும், அந்த இடங்களில் பழகியவர் சிலரே ஆதலால் பெரும்பாலோர் அதைக் கண்டுகொள்வதில்லை. கபடியும் கிரிக்கெட்டும் கால்பந்தும் அத்தகையவை அல்ல. அவற்றைப் புத்தகத்தில் படித்தல்ல, முழங்கால் சிராய்த்தும் விரல் பிசகியும் அறிந்தவர்கள் கொட்டகையில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். மட்டையைப் பிடிக்கும் தோரணையிலேயே இவன் ஆடத் தெரிந்தவனா இல்லையா என்று ஒரு கணத்தில் தீர்ப்புச் சொல்லிவிடக்கூடிய அந்த மனிதர்களின் முன்னால் பொய்யாட்டம் எடுபடுவதில்லை.

குறை எங்கே தொடங்குகிறது என்பதைக் கபடியைக் கொண்டே பார்க்கலாம். ஆண்களுக்கான களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. அதன் ஒரு பாதியில் எதிரணியினர் எழுவர் கைகோத்து நிற்க, மறுபாதியிலிருந்து ஒருவன் தனியனாக நடுக்கோட்டைத் தாண்டி, 30 வினாடிகளுக்குள், ‘கபடி கபடி’ என்னும் பாட்டு அறுபடாமல், எவரையேனும் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். எவரையும் தொடாவிட்டாலும், எதிர்ப்புறத்தில் குறுக்கே போடப்பட்டிருக்கும் கோட்டையாவது அவன் கடந்திருக்க வேண்டும். எதிரே ஆறு பேருக்குக் குறையாமல் நின்றால், அதற்கும் அப்பாலுள்ள போனஸ் கோட்டை எட்டி ஒரு புள்ளி பறிக்கலாம். ஆகவே அந்த 30 வினாடிகளில் நடப்பதெல்லாம் தூரத்தைப் பற்றிய கணக்கு: கார்னரில் நிற்பவன் கணுக்காலுக்குக் குனியப்போகிறானா, கோத்த கைகள் எந்தப் பக்கம் வளைந்து வந்து அடைக்கும், திரும்பி ஓட நடுக்கோடு எத்தனை எட்டில் இருக்கிறது என்னும் கணக்கு. களம் முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தாலொழிய இந்தக் கணக்கு பார்ப்பவனுக்கு விளங்காது. விளங்காத இடத்தில் நெஞ்சு பதைப்பதுமில்லை.

நம்முடைய சிறிய படங்கள் பலவற்றில் இக்காட்சி எப்படி வருகிறது? தொடையைத் தட்டும் ஒரு கை, புழுதியைக் கிளப்பும் ஒரு கால், வியர்வை வழியும் ஒரு முகம், மந்தகதியில் ஒரு பாய்ச்சல், பின்னணியில் பேரிசை, உடனே நடுவரின் விசில். எழுவரும் எங்கே நின்றார்கள், அவன் எந்தக் கோட்டைத் தொட்டான், புள்ளி எப்படி வந்தது என்பது எவருக்கும் தெரிவதில்லை. கிரிக்கெட்டாக இருந்தால் பந்து கையை விட்டுக் கிளம்புவது ஒரு துண்டு, மட்டை சுழல்வது மற்றொரு துண்டு, எல்லைக்கோட்டுக்கு அப்பால் விழுவது இன்னொரு துண்டு. மூன்றையும் இணைக்கும் பந்தின் பாதை மட்டும் எங்கும் இல்லை. நடிகருக்கு ஆட்டம் வராததை மறைப்பதற்காகவே பெரும்பாலும் இந்த வெட்டுகள் செய்யப்படுகின்றன. களம் முழுவதையும் கேமராவுக்குள் அடக்கி, ஒரு பாட்டு முழுவதையும் வெட்டாமல் எடுப்பதற்குத் தனியாக ஒரு ரூபாயும் செலவில்லை. ஆடத் தெரிந்த பதினான்கு பேரும், பல நாள் ஒத்திகையும்தான் வேண்டும்.

களத்தில் காட்ட முடியாமற்போனதை வாயால் சொல்லி ஈடுகட்டும் உபாயமே வர்ணனை. கோட்டும் டையும் அணிந்த இருவர் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து, இது எத்தகைய நெருக்கடியான தருணம் என்று நமக்கு அறிவிக்கிறார்கள். அறிவித்தால்தான் தெரியும் என்னும் நிலையில் ஒரு தருணம் இருக்குமானால், அது நெருக்கடியாகச் சிருஷ்டிக்கப்படவே இல்லை என்றுதான் பொருள். அதுபோலவே, ஐம்பது பேரை இடம் மாற்றி மாற்றி உட்காரவைத்து நிரம்பிய அரங்கமாகக் காட்ட முயலும் பிரயாசையும் வீணானது. தொலைக்காட்சியில் ஆண்டு முழுவதும் நிஜமான அரங்கங்களைக் காணும் ஜனங்களின் முன்னால், ஏழ்மையான நகல் ஒன்றை வைத்து, நிஜத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கும்படி இவர்களே அழைப்பு விடுக்கிறார்கள்.

பயிற்சியைப் பற்றியும் எதிரணியைப் பற்றியும் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓராண்டு அப்பியாசத்தை ஒரு திரைப்பாட்டில் முடித்துவிடுவதும், உடற்பயிற்சிக்கூடத்தில் வளர்த்த சரீரத்தை ஆட்டக்காரனின் சரீரமாக நம்பச் சொல்வதும், எதிரணியினர் அனைவரையும் கறுப்புச் சட்டை அணிந்த முரடர்களாக நிறுத்திவிட்டு அவர்களில் ஒருவனுக்கேனும் ஒரு தனித்திறமையைத் தராமல் விடுவதும், கடைசிப் பந்தில் ஆறு ரன் என்றோ கடைசிப் பாட்டில் மூன்று புள்ளி என்றோ முடிப்பதும் நமக்குப் பழகிப்போனவை. வலிமை இன்னதென்று காட்டப்படாத எதிரியை வெல்வதில் வீரம் ஏதும் இல்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன்.

பணமின்மை ஒரு படத்தைக் கெடுத்தே தீரும் என்பது உண்மையானால், 1976இல் வெளிவந்த ‘ராக்கி’ என்னும் அமெரிக்கக் குத்துச்சண்டைப் படம் முதலில் கெட்டிருக்க வேண்டும். ஏறத்தாழ 10 லட்சம் டாலரில், 28 நாட்களில் எடுக்கப்பட்ட அப்படத்தில், நாயகனும் நாயகியும் ஜனக்கூட்டம் நிறைந்த பனிச்சறுக்கு அரங்கில் உலாவுவதாகத்தான் காட்சி முதலில் எழுதப்பட்டிருந்தது. கூட்டத்துக்குப் பணம் இல்லை. எனவே அரங்கம் மூடிய நேரத்தில் காவலாளிக்கு 10 டாலர் கொடுத்து 10 நிமிடம் வாங்குகிறான் ராக்கி; அவள் பனியில் தள்ளாடிச் சறுக்க, சறுக்காத அவன் பக்கத்தில் நடந்தபடியே தன் கதையைச் சொல்ல, காவலாளி மீதமுள்ள நிமிடங்களைக் கூவிக்கொண்டிருக்கிறான். ஆயிரம் பேர் சூழ்ந்திருந்தாலும் அந்த இருவரின் தனிமை இத்தனை பிரத்தியட்சமாக வெளிப்பட்டிராது. போட்டிக்கான விளம்பரப் படத்தில் ராக்கியின் கால்சட்டை தவறான நிறத்தில் வரையப்பட்டுவிட்டதும், அவனுடைய அங்கி அளவில் பெரிதாகத் தைக்கப்பட்டு வந்ததும் படப்பிடிப்பில் நேர்ந்த பிழைகளே. அவற்றைத் திருத்தச் செலவிடாமல், ராக்கியே அவற்றைக் கவனித்துச் சொல்லும்படியும், அவன் சொல்லை எவரும் பொருட்படுத்தாதபடியும் கதையில் சேர்த்தார்கள். அந்தப் போட்டியில் அவனுக்குள்ள ஸ்தானம் என்னவென்பது அதனாலேயே நமக்குப் புலப்பட்டது. ஆனால் குத்துச்சண்டையில் மட்டும் அவர்கள் சிக்கனம் பார்க்கவில்லை. விழும் ஒவ்வொரு குத்தையும் ராக்கியாக நடித்த ஸ்டாலோன் முன்கூட்டியே எழுதிவைத்து, எதிராளியாக நடித்த கார்ல் வெதர்ஸுடன் சேர்ந்து ஒத்திகை பார்த்தார். முடிவில் ராக்கி தோற்கிறான். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருது அந்தத் தோல்வியின் கதைக்கே கிடைத்தது.

ஆட்டத்தையே காட்டாமல் விளையாட்டுப் படம் எடுக்கலாம் என்பதற்கு ஈரானிய இயக்குநர் ஜாபர் பனாஹியின் ‘ஆஃப்சைடு’ சாட்சி. 2005 ஜூனில் ஈரானும் பஹ்ரைனும் மோதிய உலகக் கோப்பைக் கால்பந்துத் தகுதிப் போட்டி தெஹ்ரானின் ஆசாதி அரங்கில் நடந்தபோதே, நிஜமான கூட்டத்தின் நடுவே அதன் காட்சிகள் எடுக்கப்பட்டன. பெண்கள் அரங்கினுள் வரத் தடை இருந்தமையால் ஆண்வேடத்தில் நுழைய முயன்று பிடிபட்ட பெண்கள், தடுப்புக்குள் நிறுத்தப்பட்டு, ஆரவாரத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். காவல் நிற்கும் சிப்பாய் ஒருவன் ஆட்டத்தை எட்டிப் பார்த்து அவர்களுக்கு வர்ணிக்கிறான். அங்கே வர்ணனைக்கு நியாயம் இருக்கிறது. பார்க்கும் உரிமை மறுக்கப்பட்டவர்களுக்கு அதைவிட்டால் வேறு கதியில்லை. கையிலிருந்த சொற்ப சாதனங்களுக்கு ஏற்ற கதையைத் தேர்ந்தெடுத்த அந்த விவேகம் 2006இல் பெர்லின் விழாவில் வெள்ளிக் கரடி விருது பெற்றது.

இத்தகைய விவேகம் நமக்கு அந்நியமானதும் அல்ல. 2009இல் சுசீந்திரன் தம் முதற்படமாகிய ‘வெண்ணிலா கபடி குழு’வில், பெரும்பாலும் புதுமுகங்களைக் கொண்டு, தோல்வியையே கண்டு பழகிய ஒரு கிராமத்துக் குழுவை நம் முன் நிறுத்தினார். அக்குழுவின் ஒவ்வொருவனையும் நாம் தெரிந்துகொண்ட பிறகே ஆட்டம் சூடுபிடித்ததனால், விழுந்தவன் எவன் என்பதில் நமக்கு அக்கறை பிறந்தது. அவரே 2014இல் எடுத்த ‘ஜீவா’வில், தட்டிக்கொடுப்பதுபோல் இளைஞனின் முதுகைத் தடவி, அங்கே பூணூல் உண்டா என்று அறிய முயலும் கை ஒன்று வருகிறது. அணித் தேர்வில் சாதி புகும் விதத்தைப் பத்துப் பக்க வசனத்தைவிட அந்த ஒரு கை தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்கு மைதானமும் வேண்டியிருக்கவில்லை, கூட்டமும் வேண்டியிருக்கவில்லை. 2024இல் தமிழரசன் பச்சமுத்து இயக்கிய ‘லப்பர் பந்து’விலோ, ஒரு மட்டையாளனின் பலவீனத்தைப் பந்துவீச்சாளன் ஒருவன் கூர்ந்து கண்டு வாய்விட்டுச் சொல்லிவிடுவதிலிருந்தே பகை மூள்கிறது. கதை ஆட்டத்திலிருந்து பிறந்ததனால், அங்கே வீசப்படும் ஒவ்வொரு பந்தும் இரண்டு குடும்பங்களின் சமாசாரமாகிவிடுகிறது.

ஆகவே சிறு முதல் போடும் தயாரிப்பாளர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: படப்பிடிப்பு நாளுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் ஒத்திகை நாளின் செலவு மிகச் சொற்பம், அந்தச் சொற்பத்தை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். திரைக்கதையில் போட்டி வரும் இடத்தை ஒரே வரியில் எழுதி மேலே போகாமல், ஒவ்வொரு புள்ளியும் எப்படி வந்தது, எவனால் போயிற்று என்று ஆடத் தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். பொங்கலை ஒட்டியும் ஊர்த் திருவிழாக்களை ஒட்டியும் நடக்கும் மின்னொளிக் கபடிப் போட்டிகளுக்கு ஜனங்கள் தாமாகவே திரண்டு வந்து விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு, கூலிக்குக் கூட்டம் சேர்த்துப் பொய்யான அரங்கம் கட்ட வேண்டிய அவசியம் என்ன? வசனம் பேசத் தெரிந்தவனுக்கு ஆட்டம் கற்பிப்பதைவிட, ஆடத் தெரிந்தவனுக்கு நாலு வசனம் கற்பிப்பது பல சமயங்களில் எளிது.

விமர்சகர்களுக்கும் ஒரு கடமை உண்டு. சிறிய படம் என்பதற்காகக் கையிலெடுக்கும் தனித் தராசு, வெளிப்பார்வைக்குக் கருணையாகத் தோன்றினாலும், இவர்களால் இவ்வளவுதான் முடியும் என்று முன்கூட்டியே எழுதிவிட்ட தீர்ப்பேயாகும். அரங்கம் சிறியது, துணி மலிவு, வெளிச்சம் போதவில்லை என்பவற்றையெல்லாம் தாராளமாகப் பொறுத்துக்கொண்டு, ஆட்டம் ஆட்டமாக இருக்கிறதா என்னும் ஒரு கேள்வியில் மட்டும் விட்டுக்கொடுக்காமல் இருப்பதே அப்படங்களுக்கு நாம் காட்டக்கூடிய மரியாதை. இப்படங்கள் யாருடைய கதையைச் சொல்ல முன்வருகின்றனவோ அந்த ஆட்டக்காரர்களும் பணமில்லாமல்தான் களத்தில் இறங்குகிறார்கள். கடன் வாங்கிய காலணியோடு வந்தவன் என்பதற்காக எந்த நடுவரும் அவனுக்கு ஒரு புள்ளி கூட்டிப் போடுவதில்லை, அவனும் அதைக் கேட்பதில்லை. அவனைப் பற்றிப் படம் எடுப்பவர்களும் அந்தச் சலுகையைக் கேட்கலாகாது. நாமும் அதை அளிக்கலாகாது.