சோளம் சரி, சோள முளை வேண்டாம்

போன வாரம் திரேஸ்புரத்துல இருந்து ஒரு அக்கா சுகர் செக்கப்புக்கு வந்தாங்க. "அரிசியைக் குறைச்சிட்டேன் டாக்டர். காலையில முளைகட்டின வெள்ளைச் சோளம்தான், பச்சையாவே" என்றார்கள். ஏதோ வீடியோவில் பார்த்தார்களாம்.

அரிசியைக் குறைத்தது நல்லது. அந்த முளைதான் பிரச்சினை.

விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் கரிசல் பக்கம் ஆடு மாடு வச்சிருக்கவங்களைக் கேட்டுப் பாருங்க. மழையில்லாம வாடி நிக்கிற இளஞ்சோளத்துல மேய விடமாட்டாங்க. அறுத்த கட்டையில் துளிர்க்கிற குருத்திலும் அப்படித்தான். மேய்ந்த கொஞ்ச நேரத்திலேயே மூச்சிரைத்து, துடித்து விழும். காரணம் சயனைடு.

பயிர் அதை அப்படியே வைத்திருந்தால் அதுவே செத்துப்போகும். அதனால் 'துரின்' என்ற பொருளாக, சர்க்கரையோடு பிணைத்துப் பூட்டி வைத்திருக்கிறது. அதை உடைக்கிற நொதி வேறு இடத்தில். பூச்சியோ ஆடோ மென்றால் இரண்டும் கலந்து சயனைடு வெளியாகும். ஓட முடியாத செடிக்கு அதுதான் ஆயுதம். உடம்புக்குள் போனால், ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் செல்கள் அதைப் பயன்படுத்த முடியாது.

காய்ந்த சோள மணியில் இது மிக மிகக் குறைவு. முளைக்க ஆரம்பித்ததும் தயாரிப்பு தொடங்கிவிடும். 1984-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 100 கிராம் விதையிலிருந்து வளர்ந்த முளைகளில் சராசரியாக 61 மில்லிகிராம் சயனைடு கிடைத்தது. பெரியவர் ஒருவரைக் கொல்ல அந்த அளவு போதும்.

பயமுறுத்தவில்லை. சோள முளை தின்று இறந்தவரை நான் பார்த்ததில்லை. ஒரு கைப்பிடி, ஒரு நாள் முளை என்றால் அளவு குறைவுதான். ஆனா தினமும், அதுவும் பச்சையா, எதுக்கு இந்த விஷப்பரீட்சை?

எனக்கு எரிச்சல் வருவது "பாரம்பரிய உணவு" என்ற முத்திரை மேல். நம்ம பாட்டிமார் சோளத்தைக் குத்திச் சோறு பொங்கினாங்க, களி கிண்டினாங்க. பச்சை முளையை மெல்லவில்லை. கடற்கரையில் பேத்தை மீனைக் கண்டால் ஒதுக்கத் தெரிந்த நமக்கு, செடியென்றால் மட்டும் எல்லாமே நல்லதாகிவிடுகிறது.

முளைகட்டித்தான் ஆகணும்னா கேழ்வரகு, கம்பு, பாசிப்பயறு இருக்கு. அவற்றில் இந்தத் தொல்லை இல்லை. சோளத்தை தோசையா, சோறா, களியா தாராளமா சாப்பிடுங்க.

எல்லாம் கேட்டுட்டு அந்த அக்கா, "வீட்டுல ஒரு டப்பா முளை கிடக்கு. ஆட்டுக்குப் போட்டுரட்டுமா?" என்றார்கள்.

யக்கா, ஆட்டுக்கும் வேண்டாம்!