வானம் பார்ப்போம்: கேட்டை நட்சத்திரம்

சென்ற தை மாதம், சித்தூரில் நமக்கு வேண்டிய குடும்பம் ஒன்றில் பெண் பார்க்க வந்தவர்கள், பெண்ணின் நட்சத்திரம் கேட்டை என்று அறிந்ததும் காப்பியைக்கூட அருந்தாமல் எழுந்து சென்றனர். கேட்டைப் பெண் கணவனின் தமையனுக்கு ஆகாதாம்! அந்தக் கேட்டை எத்தகையது என்று இம்மாதம் காண்போம்.

ஆனி மாதத்தில், இரவு பத்து மணியளவில் தெற்கு வானை நோக்குங்கள். விருச்சிகத்தின் நடுவே செந்நிற விண்மீன் ஒன்றும், அதன் இருபுறமும் வெண்ணிறச் சிறு மீன்கள் இரண்டும் தெரியும். இம்மூன்றும் சேர்ந்ததே கேட்டை. ஆந்திர அன்பர்கள் ஜ்யேஷ்டா என்பர். இடப்புறம் கீழே உள்ள வெண்மீனின் பெயர் டௌ ஸ்கார்பியை. செம்மீனின் மேற்பரப்பு வெப்பம் சுமார் 3,500 டிகிரி. இவ்வெண்மீனுக்கோ சுமார் 30,000 டிகிரி. நமது சூரியனுக்கு 6,000க்கும் குறைவே.

இத்தகைய விண்மீனின் ஒளியே அதன் வாயுவைத் தள்ளிப் பெருங்காற்றாக வீசச் செய்கிறது. வலிய காந்தப்புலம் இருப்பின், அக்காற்று தண்டவாளத்தில் செல்லும் வண்டிபோலக் காந்தக் கோடுகளின் வழியே வளைந்தோடும். ஒரே வளைவின் இரு முனைகளிலிருந்தும் புறப்பட்ட காற்று நடுவில் மோதும். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரு வண்டிகளை விட்டால் நேர்வதை எம்போன்ற ரயில்வே சிப்பந்திகளுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. விநாடிக்குப் பல நூறு கிலோமீட்டர் வேகத்தில் நிகழும் அம்மோதலில் வாயு ஒரு கோடி டிகிரிக்கும் மேல் சூடேறி, எக்ஸ் கதிர்களை வெளியிடும்.

இக்கதிர்களை நமது காற்று மண்டலம் தடுத்துவிடுவதால், கருவிகளை விண்ணுக்கு அனுப்பியே காண இயலும். நமது திருப்பதி மாவட்டத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 28-9-2015 அன்று சென்ற ஆஸ்ட்ரோசாட் அத்தகைய கருவிகளைத் தாங்கியதே. டௌ ஸ்கார்பியை வலிய எக்ஸ் கதிர்களை வீசுவது 1990களிலேயே தெரியும். புவியினுடையதைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வலிய காந்தப்புலம் அதற்கு உண்டென்பது, ஹவாய்த் தீவுத் தொலைநோக்கியால் 2006ல் வெளிப்பட்டது.

அக்காந்தம் வந்தது எவ்வாறு? இரு விண்மீன்கள் ஒன்றாய்க் கலந்ததால் தோன்றியிருக்கலாம் என்கிறது 2019ல் வெளியான ஓர் ஆராய்ச்சி. மணத்துக்கு ஆகாதென நாம் ஒதுக்கும் கேட்டையில், இருவர் கலந்து ஒருவரான மீன் ஒன்று இருக்கிறது போலும்!

இன்று நாம் காணும் அதன் ஒளி, 400 ஆண்டுகளுக்கும் முன்னரே அங்கிருந்து புறப்பட்டது. பெண் பிறந்த வேளையில் சந்திரன் அத்திசையில் நின்றது, அவ்வளவே. சித்தூரில் உள்ள ஒரு தமையனை அது எங்ஙனம் அறியும்? ஜாதகத்தை மூடிவிட்டு எழுந்து செல்லும் பெரியோர், போகும்போது வாசலில் நின்று ஒருமுறை அண்ணாந்து பார்க்கட்டும்.