கோடு கிழிக்கும் முன்பே கேளுங்கள்

சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் காலம் 2026-உடன் முடிகிறது. அடுத்து 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாம் முழுமைத் திட்டம் வருகிறது. இன்று முதல் வகுப்பில் சேரும் பிள்ளை படித்து முடித்து, வேலைக்குப் போய், தனக்கென ஒரு வீடு தேடும் வயதுவரை அந்தத் திட்டம் உயிரோடு இருக்கும். அந்தப் பிள்ளையின் தெரு எவ்வளவு அகலமாகும், பக்கத்து மனையில் எத்தனை மாடி எழும்பும், ஊரோரத்து ஏரிக்கரையில் வீடு கட்டலாமா கூடாதா என்பதையெல்லாம் அதுதான் தீர்மானிக்கும். இத்தனையையும் தீர்மானிக்கிற ஆவணத்தில் அந்தத் தெருவாசிகளின் கை எங்கே படுகிறது?

முழுமைத் திட்டம் என்றதும் மெட்ரோ ரயிலும் மேம்பாலமும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. உண்மையில் அதன் உயிர் நில உபயோக வரைபடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் அதில் ஒரு வண்ணம் உண்டு. குடியிருப்பு, வணிகம், தொழிற்சாலை, விவசாயம், திறந்தவெளி என்று நிலம் பிரிக்கப்படுகிறது. செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும், திருவான்மியூருக்குத் தெற்கே கடலோர நிலத்தடி நீர்ப் பகுதிக்கும் இரண்டாம் திட்டம் தனிக் கட்டுப்பாடுகளை விதித்தது. வண்ணம் மாறினால் நிலத்தின் விலை மாறும், தண்ணீர் போகும் வழி மாறும், அங்கே யார் வாழ முடியும் என்பதும் மாறும். ஒரு நகரத்தில் எடுக்கப்படும் அரசியல் முடிவுகளில் இதைவிடப் பெரியது அதிகம் இல்லை.

இந்த முடிவில் மக்களுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் இடம் மிகச் சிறியது. 1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி, வரைவுத் திட்டம் தயாரானபின் அதை வெளியிட்டு, ஆட்சேபங்களையும் ஆலோசனைகளையும் எழுத்தில் தரக் குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் தர வேண்டும். வரைவு வெளியாகும் நேரத்தில் கோடுகள் எல்லாம் கிழிக்கப்பட்டிருக்கும். துறைகள் ஒப்புதல் சொல்லியிருக்கும். அதன் பிறகு ஆட்சேபம் கேட்பது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான். மனு கொடுத்தவருக்கு மிஞ்சுவது ஒரு ரசீது. அவருடைய மனு ஏற்கப்பட்டதா, ஏன் ஏற்கப்படவில்லை என்று அவருக்கு எழுதிச் சொல்லும் கடமை நடைமுறையில் யாருக்கும் இல்லை.

மூன்றாம் திட்டத்துக்காகச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் தொடக்கத்திலேயே மக்களிடம் வந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. தொலைநோக்கு ஆவணத்துக்காக 2022-இல் கருத்துக் கேட்பு தொடங்கியது. அது நல்ல தொடக்கம், முந்தைய திட்டங்களோடு ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றமும்கூட. ஆனால் ‘இருபது ஆண்டுக்குப் பிறகு உங்கள் நகரம் எப்படி இருக்க வேண்டும்?’ என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். நல்ல குடிநீர், வெள்ளம் வராத தெரு, நேரத்துக்கு வரும் பேருந்து, நிழல் தரும் மரம். இதில் யாருக்கும் யாரோடும் சண்டை இல்லை. எந்தச் சாலையை 60 அடியாக்குவது, அதற்காக எந்த வரிசை வீடுகள் போவது, எந்தத் தாங்கல் காக்கப்படுவது, எது ‘நிறுவனப் பயன்பாடு’ என்று எழுதப்படுவது என்ற கட்டத்தில்தான் கருத்து வேறுபாடு பிறக்கிறது. மக்கள் அவசியம் உட்கார்ந்திருக்க வேண்டிய அந்த நேரத்தில் அவர்கள் அறைக்கு வெளியே நிற்கிறார்கள்.

இதன் விலை என்ன என்று அறியப் பள்ளிக்கரணைக்குப் போனால் போதும். ஒரு காலத்தில் சுமார் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த சதுப்பு நிலம் அது. பயனற்ற நிலம் என்று கருதிக் குப்பைக் கிடங்கு, தகவல் தொழில்நுட்ப வளாகங்கள், அரசு நிறுவனங்கள், சாலைகள் என்று ஒவ்வொன்றாக அதன்மேல் ஏற்றினோம். 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றபோது அதில் சேர்க்கப்பட்ட பரப்பு 1,247 ஹெக்டேர். அங்கே மாடு மேய்த்தவர்களுக்கும் மீன் பிடித்தவர்களுக்கும் அது தென்சென்னையின் மழைநீர் வந்து தங்கும் இடம் என்று தெரிந்திருந்தது. அவர்களை எந்தத் திட்டக் கூட்டத்துக்கும் யாரும் அழைக்கவில்லை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் வந்து அதைச் சொல்லிவிட்டுப் போனது.

வேளச்சேரியில் இப்போதெல்லாம் கனமழை எச்சரிக்கை வந்த உடனே மக்கள் தங்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்திவிடுகிறார்கள். தொலைக்காட்சிகள் அதை வேடிக்கைச் செய்தியாகக் காட்டுகின்றன. நாம் அதை ஒரு திட்ட ஆவணமாகவே பார்க்கிறோம். எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும், ஆதம்பாக்கத்திலிருந்து சதுப்பு நிலத்துக்குப் போகும் வீராங்கல் ஓடை எந்த இடத்தில் அடைத்துக்கொண்டு எதிர்த்து வரும், தண்ணீர் வடிய எத்தனை நாள் ஆகும், எந்த வீட்டு வாசற்படி தப்பும் என்பதை அங்கே குடியிருப்பவர்கள் விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வார்டு வரைபடத்தையும் நான்கு வண்ணப் பேனாக்களையும் கொடுத்தால் ஒரே மாலையில் வெள்ள வரைபடம் தயாராகிவிடும். செயற்கைக்கோள் படமும் கணினி மாதிரியும் வேண்டாம் என்பது நம் வாதம் அல்ல. அவற்றின் முடிவைச் சரிபார்க்க அந்த மண்ணில் நின்றவர்களின் சாட்சியம் வேண்டும் என்கிறோம்.

கேட்காமல் செய்த திட்டத்தின் இன்னொரு முகம் கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும். கூவக் கரையிலிருந்தும் நகரின் நடுப்பகுதிகளிலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சுமார் இருபது கிலோமீட்டர் தள்ளிக் குடியமர்த்தப்பட்டன. கணக்குப்படி ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வீடு கிடைத்தது. ஆனால் வீட்டு வேலைக்குப் போன பெண்களுக்கு வேலை போனது, நடுவில் பள்ளி மாறிய பிள்ளைகள் பலர் படிப்பை விட்டார்கள். கட்டிய இடமும் தாழ்வான பகுதி. வீட்டைக் கட்டும் முன் அந்தக் குடும்பங்களை உட்காரவைத்துப் பேசியிருந்தால், சதுர அடிக்கு முன்பாக அவர்கள் பேருந்தையும் பள்ளியையும் ரேஷன் கடையையும் ஆஸ்பத்திரியையும்தான் கேட்டிருப்பார்கள்.

மக்களைக் கேட்டால் திட்டம் தாமதமாகும் என்பது அதிகாரிகள் வழக்கமாகச் சொல்லும் காரணம். மும்பையின் அனுபவம் இதற்கு நேர்மாறானது. 2034-ஐ இலக்காகக் கொண்ட மும்பை வளர்ச்சித் திட்டத்துக்காகத் தயாரான நில உபயோக வரைபடத்தில் இருந்த பிழைகளைக் குடிமக்கள் வார்டு வார்டாக உட்கார்ந்து கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். அப்படியும் 2015 பிப்ரவரியில் வெளியான வரைவு, இருக்கிற கட்டடங்களின் குறுக்கே சாலையைக் கிழித்திருந்தது. ஆட்சேபங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. இரண்டே மாதத்தில் முதலமைச்சர் தேவேந்திர பட்னாவிஸ் அந்த வரைவையே தூக்கிப்போட்டு, புதிதாகத் தயாரிக்கச் சொன்னார். மறுவரைவு 2016-இல் வந்தது, ஒப்புதல் 2018-இல் கிடைத்தது. கேட்காமல் விட்டதால் வந்த தாமதம் இது.

இன்னொரு ஆட்சேபம் நியாயமானது. மக்கள் பங்கேற்பு என்று கதவைத் திறந்தால், குரல் வளமும் ஆங்கிலமும் நேரமும் உள்ள குடியிருப்போர் சங்கங்கள்தான் முதலில் உள்ளே வரும். அவர்கள் கேட்பது பெரும்பாலும் பூங்காவும், வாகனம் குறைந்த தெருவும், தள்ளுவண்டி இல்லாத நடைபாதையும். அந்தக் கோரிக்கைகளுக்கும் இடம் உண்டு. ஆனால் அதே தெருவில் இட்லிக் கடை போடுபவரும், மாடி அறையில் வாடகைக்கு இருப்பவரும், எண்ணூர்க் கழிமுகத்தில் இறால் பிடிப்பவரும், வடமாநிலத்திலிருந்து வந்து கட்டட வேலை செய்பவரும் இந்த நகரத்தின் வாசிகளே. இவர்களைத் தேடிப் போகாத கருத்துக் கேட்பு பாதி நகரத்தை விட்டுவிடும். டெல்லியின் 2041 திட்டம் தயாரானபோது வீட்டு வேலை செய்வோர், குப்பை பொறுக்குவோர், தெரு வியாபாரிகள் ஆகியோரின் அமைப்புகள் ‘மைன் பி தில்லி’ (நானும் டெல்லிதான்) என்ற இயக்கமாகச் சேர்ந்து தங்கள் கோரிக்கைகளைத் திட்ட மொழியிலேயே எழுதிக் கொடுத்தன. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டமோ, நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாத இடத்தை வியாபாரிகளுக்கே ஒதுக்கியது. பாதிக்கப்படுபவர் முடிவெடுக்கும் மேசையில் உட்கார வேண்டும் என்ற கொள்கையை நாடாளுமன்றமே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

பெருநகரத் திட்டத்துக்கும் அரசமைப்பு அதைத்தான் சொல்கிறது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது திருத்தம், பெருநகரத் திட்டக் குழுவில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்களை உள்ளாட்சிகளின் மக்கள் பிரதிநிதிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது. இங்கே திட்டத்தை எழுதுவது அப்படிப்பட்ட குழு இல்லை. அமைச்சரைத் தலைவராகக் கொண்டு, பெரும்பாலும் அதிகாரிகள் நிறைந்த வளர்ச்சிக் குழுமம்தான் எழுதுகிறது. 2016 முதல் 2022 வரை சென்னை மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாமல் இருந்ததையும் இந்த இடத்தில் நினைவுகூர வேண்டும். நகரவாசியின் குரலுக்கு நாம் கொடுத்துவந்த மதிப்பு அவ்வளவுதான்.

நகரம் விரியும்போது இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்க 2022-இல் அரசாணை வந்தது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டை மாவட்டங்களின் நூற்றுக்கணக்கான ஊர்கள் இதில் அடங்கும். அந்த ஊர்களுக்கு இன்று கிராம சபை இருக்கிறது. குடியரசு நாளிலும் மே தினத்திலும் சுதந்திர நாளிலும் காந்தி ஜெயந்தியிலும் கூடி, ஏரிக்கரையைப் பற்றியும் மேய்ச்சல் புறம்போக்கைப் பற்றியும் பேசித் தீர்மானம் போட முடிகிறது. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் கிராம சபையில் மீண்டும் மீண்டும் தீர்மானம் போட்டார்கள். விமான நிலையம் வேண்டுமா என்பதில் இரண்டு கருத்து இருக்கலாம். தங்கள் ஊரின் எதிர்காலத்தைப் பற்றி ஊரார் பதிவுசெய்த எதிர்ப்புக்குக் காரணங்களோடு பதில் சொல்ல வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. நாளை இந்த ஊர்கள் மாநகராட்சி வார்டுகளாகும்போது கிராம சபையும் போய்விடும். அதற்கு ஈடாக வலுவான ஒன்றைத் தராமல் அவர்களின் நிலத்துக்கு வண்ணம் தீட்டுவது அநீதி.

ஈடாகத் தரக்கூடியது கையிலேயே இருக்கிறது. நகர்ப்புற உள்ளாட்சிகளில் வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்குமான விதிகளைத் தமிழ்நாடு அரசு 2022-இல் கொண்டுவந்தது. சென்னையின் 200 வார்டுகளிலும் இவற்றுக்கு இடம் உண்டு. தெருவிளக்கும் குப்பைத் தொட்டியும் கழிவுநீர் அடைப்பும் பேசப்படும் அந்தக் கூட்டங்களில் நில உபயோக வரைபடமும் விரிக்கப்பட வேண்டும். வரைபடம் தமிழில் இருக்க வேண்டும். சர்வே எண்ணோடு மக்கள் அடையாளம் காணும் தெரு, கோயில், பள்ளிவாசல், பேருந்து நிறுத்தம் ஆகியவையும் அதில் தெரிய வேண்டும். கூட்டம் வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய ஞாயிற்றுக்கிழமையில் நடக்க வேண்டும். கோடு கிழிக்கும் திட்டமிடலாளரே வந்து, ஏன் இந்தக் கோடு என்று சொல்ல வேண்டும். எழுந்த ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் ஓர் எண், ஏற்பா நிராகரிப்பா என்ற முடிவு, அதற்கான காரணம் மூன்றையும் சேர்த்து வரைவோடு வெளியிட வேண்டும்.

திட்டம் ஒப்புதல் பெற்ற பிறகும் மக்களைக் கேட்பது தொடர வேண்டும். நில வகைப்பாட்டை மாற்றக் கோரும் விண்ணப்பங்கள் பற்றிய அறிவிப்பு இன்று நாளிதழின் உள்பக்கத்தில் ஒரு சிறிய கட்டத்துக்குள் வருகிறது. கிராமத்தின் பெயரும் சர்வே எண்களும், எந்த வகையிலிருந்து எந்த வகைக்கு என்பதும் பொடி எழுத்தில் இருக்கும். பக்கத்து நிலத்துக்காரர் அதைப் பார்ப்பது தற்செயல். இருபது ஆண்டுத் திட்டம் இப்படித்தான் ஒவ்வொரு சர்வே எண்ணாகக் கரைகிறது. அந்த அறிவிப்பை நிலம் இருக்கும் வார்டின் பகுதி சபையில் வாசிக்காமல் எந்த மாற்றமும் செல்லாது என்று விதி வர வேண்டும்.

பெருநகரத் திட்டக் குழுவை முழு அதிகாரத்தோடு இயங்கவைப்பதற்குக் காலம் பிடிக்கலாம், அதற்காகத் தனியாகப் போராட வேண்டும். பகுதி சபைக்கு அந்தக் காத்திருப்பு தேவையில்லை. புதுச் சட்டமும் வேண்டாம், ஓர் அரசாணை போதும். மூன்றாம் முழுமைத் திட்டத்தின் வரைவு அரசிதழுக்குப் போவதற்கு முன், 200 வார்டுகளிலும் சிறப்புப் பகுதி சபைகளைக் கூட்டும் தேதிகளைத் தமிழ்நாடு அரசு அறிவிக்க வேண்டும்.