கண்ணை மூடிக்கொண்டால் அணு தெரியுமா?



பள்ளி விழாவிலோ, கோயில் மண்டபத்துச் சொற்பொழிவிலோ இப்படி ஒரு பேச்சை நீங்கள் கேட்டிருக்கலாம்: "இன்றைய விஞ்ஞானிகள் கோடிக்கணக்கில் செலவழித்துக் கண்டுபிடிப்பதை, தியானத்தில் அமர்ந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டே கண்டுவிட்டார்கள். வெளியே பார்ப்பது ஒரு விஞ்ஞானம். உள்ளே பார்ப்பது இன்னொரு விஞ்ஞானம்." உடனே கைதட்டல் எழும். நீங்களும் கைதட்டியிருப்பீர்கள். அதில் தவறில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து கைகால் கழுவியபின் ஒரு கேள்வி எழ வேண்டும். உள்ளே பார்ப்பது விஞ்ஞானம் ஆகுமா? ஆகும் என்றால், எந்த நிபந்தனையின் பேரில்?

கேலி செய்து ஒதுக்குவது எளிது. அப்படியே நம்பிவிடுவது அதைவிட எளிது. இரண்டையும் விட்டுவிட்டு, நடந்த சில நிகழ்ச்சிகளைப் பார்ப்போம்.

முதல் நிகழ்ச்சி நம் சென்னை அடையாற்றோடு தொடர்புடையது. பிரம்மஞான சபையின் தலைமையகம் 1882 முதல் அங்கே இருக்கிறது. அந்தச் சபையைச் சேர்ந்த அன்னி பெசன்ட் அம்மையாரும் லெட்பீட்டரும், பயிற்சியால் பெற்ற ஞானதிருஷ்டியைக் கொண்டு தனிமங்களின் அணுக்களை நேரில் பார்ப்பதாகக் கூறினார்கள். 1895இல் தொடங்கிய இந்த வேலை 1908இல் 'அக்கல்ட் கெமிஸ்ட்ரி' என்ற நூலாக வெளிவந்தது. அவர்கள் பார்த்தது என்ன? ஹைட்ரஜன் 18 நுண்துகள்களால் ஆனது, நைட்ரஜனில் 261, ஆக்ஸிஜனில் 290. அந்த நுண்துகளுக்கு அவர்கள் வைத்த பெயர் 'அணு' என்ற நம்முடைய சொல்லேதான். 290ஐ 18ஆல் வகுத்துப் பாருங்கள். 16.11 வரும். ஆக்ஸிஜனின் அணு எடை 16 என்று உங்கள் ரசாயனப் புத்தகம் சொல்கிறது. ஆச்சரியமாக இல்லையா?

இன்னும் ஓர் ஆச்சரியம் உண்டு. நியான் வாயுவுக்கு 'மெட்டா நியான்' என்று ஓர் இரட்டை இருப்பதாகவும் அந்த நூல் சொன்னது. அதன் எடை ஏறத்தாழ 22. சில ஆண்டுகளில், கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சனின் ஆய்வுக்கூடத்தில் நியானை ஆராய்ந்தபோது, 20 என்ற எடையோடு 22 என்ற எடையும் தென்பட்டது. அங்கே வேலை செய்த ஆஸ்டன், 1913இல் அதற்கு 'மெட்டா நியான்' என்றே பெயரிட்டார். அந்தப் பெயரை அவர் இந்த நூலிலிருந்துதான் எடுத்தார் என்று விஞ்ஞான வரலாற்று ஆசிரியர்கள் காட்டியிருக்கிறார்கள். இன்று அதை நியான் ஐசோடோப்பு என்கிறோம்.

"பார்த்தீர்களா, நிரூபணமாகிவிட்டது!" என்று பேச்சாளர் இங்கே நிறுத்திவிடுவார். விஞ்ஞான மாணவர் இங்கே நிறுத்தக் கூடாது. ஒருவர் எய்த அம்புகளில் இலக்கில் தைத்ததை மட்டும் எண்ணினால் போதாது. தரையில் கிடப்பதையும் பொறுக்கி எண்ண வேண்டும். அதே நூல் ஆர்கானுக்கும் 42 எடையுள்ள ஓர் இரட்டையைச் சொன்னது. காற்றிலுள்ள ஆர்கானின் நிலையான ஐசோடோப்புகள் 36, 38, 40 ஆகிய மூன்றே. ஹைட்ரஜனுக்கும் ஹீலியத்துக்கும் இடையில் ஒரு தனிமம் உண்டு என்றது. செனானைவிட எடை கூடிய 'கேலன்' என்ற மந்தவாயு காற்றில் இருப்பதாகச் சொன்னது. 1913இல் மோஸ்லி என்ற இளைஞர் எக்ஸ் கதிர்களின் உதவியால் தனிமங்களுக்கு வரிசை எண் இருப்பதைக் காட்டினார். ஹைட்ரஜன் 1, ஹீலியம் 2. நடுவே ஒன்றரை என்று ஓர் இடம் கிடையாது. செனான் 54, அதற்கு அடுத்த மந்தவாயு 86ஆம் எண்ணுள்ள ரேடான். நடுவே கேலனுக்கும் இடமில்லை.

அன்னி பெசன்ட் அம்மையார் பொய் சொன்னாரா? அப்படி நான் நினைக்கவில்லை. நாட்டு விடுதலைக்காகக் காவலில் இருந்தவர் அவர். அவர் பொய் சொன்னார் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. நாம் கவனிக்க வேண்டியது இதுதான்: நேர்மை மட்டும் இருந்தால் போதாது. நேர்மையானவரும் தவறாகப் பார்க்கலாம். தவறு எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வழி வேண்டும். அந்த வழிக்குத்தான் விஞ்ஞான முறை என்று பெயர்.

இனி இரண்டாவது நிகழ்ச்சி. யோகிகள் சிலர் தம் இதயத்தை நிறுத்திக் காட்டுவதாக நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்தது. சீடர்கள் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார்கள், நாடி இல்லை. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார், ஓசை இல்லை. வெங்கர், பாக்சி என்ற இரு அமெரிக்கப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும், புதுதில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் ஆனந்தும் சேர்ந்து, இப்படிச் செய்யக்கூடிய யோகிகளை இதய மின்வரைபடக் கருவியோடு சோதித்து 1961இல் முடிவை வெளியிட்டார்கள். கருவியின் ஊசி ஓயவில்லை. இதயம் துடித்துக்கொண்டே இருந்தது! மூச்சை அடக்கி, வயிற்றுத் தசையையும் மார்புத் தசையையும் இறுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் கூடுகிறது. சிரைகள் வழியே இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. அதனால் நாடி விரலுக்கு அகப்படாத அளவு மெலிகிறது. இதயத்தின் ஓசை தசைகளின் ஓசையில் அமுங்கிப் போகிறது.

யோகி ஏமாற்றவில்லை. தன் உடலை அவர் அருமையாகப் பழக்கியிருந்தார். ஆனால் தம்முள் என்ன நடக்கிறது என்பதற்கு அவர் கொடுத்த விளக்கம் தவறு. இந்த வேறுபாட்டை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். அனுபவம் ஒன்று, அனுபவத்துக்குத் தரும் விளக்கம் வேறொன்று.

"அப்படியானால் உள்ளே பார்ப்பதே வீணா?" என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. உங்களுக்குப் பல்வலி என்றால், வலிக்கிறது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். டாக்டரும் உங்களைத்தான் கேட்பார். மனத்தைப் பற்றிய செய்தி மனத்துக்குச் சொந்தக்காரரிடமிருந்துதான் கிடைக்கும். இதை உணர்ந்துதான் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் வுண்ட் 1879இல் மனோதத்துவ ஆய்வுக்கூடம் தொடங்கினார். அவருக்குப் பின் வந்தவர்கள், பயிற்சி பெற்றவர்களை உட்கார வைத்து, "சிந்திக்கும்போது மனத்தில் என்ன நிகழ்ந்தது?" என்று விரிவாகக் கேட்டுக் குறித்தார்கள். விளைவு என்ன? அமெரிக்காவில் டிட்ச்னர் என்பவரிடம் பயின்றவர்கள், மனக்காட்சியோ புலனுணர்வோ கலவாத எண்ணமே இல்லை என்றார்கள். வுர்ஸ்பர்க் நகரத்தில் பயின்றவர்களோ, எந்தக் காட்சியும் இல்லாத எண்ணத்தைக் கண்டோம் என்றார்கள். இரு சாராரும் நன்கு பழகியவர்கள். இரு சாராரும் நேர்மையானவர்கள். யார் சொல்வது சரி என்று தீர்க்க வழியில்லாமல் சண்டை நீண்டது. சலிப்படைந்த வாட்சன், உள்நோக்கையே மனோதத்துவத்திலிருந்து விலக்க வேண்டும் என்று 1913இல் அறிவித்தார்.

வாட்சன் சொன்னது மிகை என்பது என் கருத்து. ஆனால் அந்தச் சண்டை புகட்டும் பாடம் பெரியது. பயிற்சி பார்வையைக் கூர்மையாக்கும். அதே பயிற்சி, ஆசிரியர் எதிர்பார்ப்பதையே பார்க்கவும் பழக்கிவிடும். "இத்தனையாவது நாளில் நீல ஒளி தெரியும்" என்று குரு முன்னதாகவே சொல்லிவிட்டால், நாற்பது சீடர்கள் நீல ஒளியைக் கண்டாலும் அது நாற்பது சாட்சியம் ஆகாது. ஒரே வினாத்தாளின் விடையை முன்கூட்டியே பெற்ற நாற்பது மாணவர்களைப் போன்றதுதான் அது.

"தொலைநோக்கியில் பார்க்கவும் பயிற்சி வேண்டும் அல்லவா? பயிற்சி செய்யாமல் தியானத்தைக் குறை கூறலாமா?" என்று சிலர் வாதிடுவார்கள். நல்ல வாதம்தான். கலிலியோ 1610இல் வியாழனின் நான்கு துணைக்கோள்களைக் கண்டார். பழகாத கண்ணுக்கு முதலில் அவை தெரியாதுதான். ஆனால் கலிலியோவை நம்பாதவரும், அவரைப் பிடிக்காதவரும், வேறு ஊரில் இருந்தவரும் நல்ல தொலைநோக்கி கிடைத்தபோது அதே நான்கைக் கண்டார்கள். நாளை இரவு அவை எங்கே இருக்கும் என்று முன்கூட்டிக் கணக்கிடவும் முடிந்தது. தியானத்தில் தெரிந்ததாகச் சொல்லும் செய்தியும் இந்தப் பரீட்சையை எழுதட்டும். தேறினால் முதலில் கைதட்டுபவன் நான்.

தியானத்தின் பலன்களும் இப்படிப்பட்ட பரீட்சையில்தான் தெளிவாயின. தியானத்தின்போது உடல் உட்கொள்ளும் ஆக்ஸிஜன் குறைகிறது என்று வாலஸ் 1970இல் எழுதினார். உலகமே வியந்தது. 1984இல் ஹோம்ஸ் என்ற மனோதத்துவ அறிஞர், அதுவரை வந்த ஆராய்ச்சிகளைத் திரட்டி ஓர் எளிய கேள்வி கேட்டார்: தியானம் செய்யாமல் சும்மா ஓய்வாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று? அவர்களுக்கும் அதே அளவு உடல் அமைதி ஏற்பட்டிருந்தது! 2014இல் 47 ஆராய்ச்சிகளை ஒருங்கே ஆராய்ந்தபோது, தியானப் பயிற்சி கவலை, மனச்சோர்வு, வலி ஆகியவற்றைச் சிறிதளவு முதல் நடுத்தர அளவு வரை குறைப்பதாகத் தெரிந்தது. ஆனால் மருந்து, உடற்பயிற்சி போன்றவற்றைவிட அது மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. இந்தப் பலன் சிறியதாக இருக்கலாம், ஆனால் உண்மையானது. ஊதிப் பெருக்கிய பெரிய பொய்யைவிட இது எனக்குப் பெருமையாக இருக்கிறது. தியானத்தை நம்பி, டாக்டர் தந்த மருந்தை யாரும் நிறுத்திவிடக் கூடாது என்பதையும் இதிலிருந்தே அறியலாம்.

நீங்களே ஒரு பரிசோதனை செய்யலாம். செலவு, ஒரு நோட்டும் பென்சிலும்தான். பத்து நிமிடம் கண்ணை மூடி, உங்கள் மூச்சை மட்டும் கவனியுங்கள். நண்பர் ஒருவர், தாம் விரும்பிய நேரங்களில், உங்களுக்கு முன்னறிவிப்பு இல்லாமல் பத்துத் தடவை மேஜையைத் தட்டட்டும். தட்டும் கணத்தில் மனம் மூச்சில் இருந்ததா, வேறெங்கோ போயிருந்ததா என்று உடனே ஒரு கோடிட்டுக் குறியுங்கள். தொடங்குமுன், பத்தில் எத்தனை தடவை மனம் மூச்சில் இருக்கும் என்று உங்கள் ஊகத்தை எழுதி மடித்து வைத்துவிடுங்கள். பிறகு ஒப்பிடுங்கள். நம்மைப் பற்றி நாமே எவ்வளவு தவறாக எண்ணியிருந்தோம் என்பது பலருக்குத் தெரியவரும்!

இன்னொன்று. நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் மூச்சைக் கவனிக்கும் பத்து நிமிடம். பூ விழுந்தால் சும்மா உட்காரும் பத்து நிமிடம். முன்னும் பின்னும் நாடித்துடிப்பை எண்ணி எழுதுங்கள். ஒரு மாதம் செய்தபின் இரண்டு பட்டியல்களையும் ஒப்பிடுங்கள். உங்களுக்குப் பிடிக்காத எண் வந்த நாளையும் அழிக்காமல் எழுதுங்கள். அதுதான் இதில் கடினமான பகுதி.

ஆகவே, என் கருத்து இதுதான். உள்ளே பார்ப்பது விஞ்ஞானத்துக்கு எதிரியல்ல. அது கேள்விகளைத் தரும். சில வேளை நல்ல தகவலையும் தரும். ஆனால் 'நான் கண்டேன்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும் இடத்தில் விஞ்ஞானம் இல்லை. 'நான் கண்டேன், நான் தவறாகவும் கண்டிருக்கலாம், நீங்களும் சோதித்துப் பாருங்கள்' என்று சொல்லும் இடத்தில்தான் அது தொடங்குகிறது.

அடுத்த முறை அந்தச் சொற்பொழிவைக் கேட்கும்போது கூட்டம் முடிந்தபின் பேச்சாளரிடம் சென்று பணிவோடு கேளுங்கள்: "ஐயா, தாங்கள் சொன்னது தவறாக இருந்தால், அதை எப்படிக் கண்டுபிடிப்பது?" அவர் கோபித்துக்கொள்ளாமல் ஒரு வழி சொன்னால், அவரிடம் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது. நோட்டைத் திறந்துகொண்டு உட்காருங்கள்.