தோட்டமும் கமராவின் தூரமும்

கமராவை எங்கே நிறுத்துவது என்பது தொழில்நுட்ப வினா மட்டுமே என்று கருதுவோர் பலர். சேய்மைக் காட்சி இடத்தை அறிவிக்கும். இடைநிலைக் காட்சி மனிதரையும் அவர்தம் செயலையும் காட்டும். அண்மைக் காட்சி முகத்தின் உணர்வை வெளிப்படுத்தும். இந்த அரிச்சுவடி எல்லார்க்கும் பொதுவானதே. ஆனால் எவரை எந்தத் தூரத்தில் நிறுத்துவது என்று தீர்மானிக்கும் கணத்திலேயே இலக்கணம் அரசியலாகிவிடுகின்றது. இலங்கைத் தோட்டத் தொழிலாளரின் திரைவரலாறு இதற்குச் சான்று.

பசில் றைட் இயக்கிய 'இலங்கையின் பாடல்' 1934 இல் தேயிலைப் பிரசார சபைக்காக உருவானது. அது பெரும் படைப்பு என்பதை மறுப்பதற்கில்லை. அதன் வணிகக் குரல்கள் என்னும் பகுதியில், உழைக்கும் உடல்களின் மீது சந்தை நிலவரம் ஒலிக்கின்றது. வணிகத்தைக் குத்திக்காட்டும் உத்தி அது எனலாம். எனினும் உழைப்பவர் அங்கே பேசவில்லை. பின்வந்த விளம்பரப் படங்களும் நாட்காட்டிகளுமோ அந்த நுட்பத்தையும் துறந்தன. உயர்கோணத்தில் ஒரு பச்சைச் சரிவு. அதில் வண்ணப் புள்ளிகளாய்க் கொழுந்து பறிக்கும் பெண்கள். மலையகம் இவ்வளவே என்றாயிற்று.

இந்த நாட்காட்டிக் கோணம் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் இறப்பர்த் தோட்டங்களில் தோற்றுப்போகின்றது. மேலிருந்து நோக்கினால் இலைக்கூரையே தெரியும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையுமாதலால் அதிகாலையிலேயே பால்வெட்டுத் தொடங்கும். கத்தி ஆழ்ந்தால் மரம் புண்படும். மேலோடினால் சிரட்டையில் பால் சேராது. இந்தக் கைத்திறனை மரத்தருகே கண்மட்டத்தில் நின்றாலன்றி எந்தக் கமராவும் காணாது.

கேகாலை மாவட்டத்துக் கித்துள்கலையில், களனி கங்கைக் கரையில், டேவிட் லீன் 'குவாய் ஆற்றுப் பாலம்' படத்தை உருவாக்கினார். 1957 இல் வெளிவந்த அப்படம் ஒளிப்பதிவு உட்பட ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. அதன் கதை வேண்டியது காட்டையும் ஆற்றையுமே. சுற்றியிருந்த தோட்ட மக்களை அன்று. அந்நிய இயக்குநரைக் குறைகூறிப் பயனில்லை. அதே பள்ளத்தாக்கின் மக்களை உள்ளூர்க் கமரா எத்தனை முறை நெருங்கியது என்பதே வினா.

1981 ஆகஸ்ட் வன்செயல்களில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டத் தமிழர் தாக்கப்பட்டனர். பலர் இருப்பிடம் இழந்து வெளியேறினர். புள்ளிகளாய்க் காட்டப்பட்டோர் அகன்றபோது நிலக்காட்சியின் அழகில் ஒரு குறையும் நேரவில்லை. சேய்மைக் காட்சியின் கொடுமை இதுவே.

அவ்வாறாயின் கண்ணீரை நெருங்கிப் படமாக்குவதே மாற்று என்பர் சிலர். அதுவும் போலியே. சூழலிலிருந்து அறுத்தெடுத்த முகம் இரக்கத்தை யாசிக்கும், உரிமையைக் கேட்காது. வீ. பி. கணேசன் தயாரித்த 'புதிய காற்று' (1975) போன்ற முயற்சிகள் தோட்டத்து மனிதரைக் கதைமாந்தர் ஆக்கின. அப்பாதை அகலப்பட வேண்டும்.

முதற்கண் வேண்டப்படுவது கண்மட்ட இடைநிலைக் காட்சி. முகமும் கையும் கத்தியும் ஒரே சட்டகத்தில் அமையட்டும். லயத்து அறையின் ஒடுக்கமும் அதில் வாழ்வோரின் நிமிர்வும் ஒருங்கே தெரியட்டும். கமராவோடு தோட்டத்திற்குச் செல்லும் மாணவர், குன்றின் உச்சியை நாடுமுன் லயத்து வாசலில் நிற்கப் பழகுதல் வேண்டும். அங்கு நின்று கற்காதவர்க்குச் சட்டக அமைப்பின் விதிகள் அனைத்தும் மனனமாயினும் பயனில்லை.